வீடியோல பாதி, கிளாஸ்ல மீதி: வாசகர் கேள்வி பதில்

அட்மிஷன் சீசன் வந்தாலே நமக்கு வர்ற கேள்வி ஒரே பக்கமா சாயும். இந்த தடவை ஆன்லைன் படிப்பு பத்தி தான் அத்தனை பேரும் கேட்டிருக்கீங்க, அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன். பேர் போடாதீங்கன்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கு.

பையன் ப்ளஸ் டூ முடிச்சுட்டான் சார். பக்கத்துலயே ஒரு காலேஜ்ல பி.எஸ்சி சேத்து விட்டோம். கூடவே ஐஐடி மெட்ராஸ் நடத்தற ஆன்லைன் டேட்டா சயின்ஸ் டிகிரியும் படிக்கறேன்னு நிக்கறான். ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க விடுவாங்களா? வீட்டுல உக்காந்து வீடியோ பாக்கறதெல்லாம் ஒரு டிகிரியான்னு எங்க மாமனார் கேக்கறார், எனக்கும் பதில் தெரியல. (ஒரு அம்மா, நாமக்கல்)

முதல் கேள்விக்கு நேரா பதில், விடுவாங்கம்மா. 2022 ஏப்ரல்ல பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, அனுமதி கொடுத்துடுச்சு, ஒண்ணு காலேஜுக்குப் போய் படிக்கறது, இன்னொண்ணு ஆன்லைன்லயோ தொலைதூரத்துலயோ படிக்கறதுன்னு ரெண்டையும் சேந்தாப்புல பண்ணலாம். பையனோட காலேஜ்ல ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க, பின்னாடி டிசி அது இதுன்னு குழப்பம் வராம இருக்கும்.

மாமனார் கேட்டது நியாயமான கேள்வி தான். இந்த கோர்ஸ் 2020ல ஆரம்பிச்சது, ஜேஇஇ எழுத வேண்டியதில்ல, அதனால ஜனங்களுக்கு ஒரு சந்தேகம், ஐஐடிங்கறாங்க நுழைவுத் தேர்வு இல்லைங்கறாங்க இது என்ன கதைன்னு. கதை என்னன்னா, எடுத்த எடுப்புல உள்ள விட மாட்டாங்க. நாலு வாரம் இங்கிலீஷ், மேத்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கம்ப்யூட்டேஷனல் திங்கிங்னு நாலு பாடத்தை வீடியோல பாத்து வாராவாரம் அசைன்மென்ட் போடணும், அதுல தேவையான மார்க் வந்தா தான் குவாலிஃபையர் பரீட்சைக்கே உக்கார முடியும், அந்தப் பரீட்சையை நேர்ல சென்டருக்குப் போய் ஐடி கார்டு காட்டி எழுதணும். பாஸ் பண்ணா தான் ஃபவுண்டேஷன். அதுக்கு அப்புறமும் வீடியோ, அசைன்மென்ட் எல்லாம் வீட்டுல, ஆனா நடுவுல வர்ற க்விஸ்ஸும் டெர்ம் கடைசி பரீட்சையும் நேர்ல தான். மாமனார் கிட்ட இதைச் சொல்லுங்க. வீடியோ எங்க வேணா பாக்கலாம், அதுக்கு மதிப்பு ஒண்ணும் கிடையாது, யூட்யூப்லயே கிடைக்குது. நாலு பேர் முன்னாடி உக்காந்து பேப்பர் எழுதறான் பாருங்க, டிகிரிக்கு மரியாதை அங்க இருந்து தான் வருது.

சரி, என் கவலை வேற. ஒரு கோர்ஸுக்கு வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்குங்கன்னு அவங்களே சொல்றாங்க. வருஷத்துக்கு மூணு டெர்ம், ஜனவரி மே செப்டம்பர். காலேஜுக்கு காலைல பஸ் ஏறி சாயங்காலம் வர்ற பையன் ஒரே டெர்ம்ல நாலு கோர்ஸ் எடுத்தா 40 மணி நேரத்துக்கு எங்க போவான்? தூக்கத்துல தான் கை வைப்பான். ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு கோர்ஸ்ல ஆரம்பிக்க சொல்லுங்க. எடுக்கற கோர்ஸுக்கு மட்டும் தான் பணம், அதனால மெதுவா போறதுல நஷ்டம் இல்ல. குடும்ப வருமானம், சாதிச் சான்று, மாற்றுத்திறன் இதெல்லாம் பாத்து ஃபீஸ்ல பெரிய தள்ளுபடியும் இருக்கு, அதை விட்டுடாதீங்க. முழு பிஎஸ் டிகிரிக்கு 142 கிரெடிட் சேக்கணும், ஆனா நடுவுலயே ஃபவுண்டேஷன் சர்டிஃபிகேட், டிப்ளமோ, பி.எஸ்சின்னு இறங்கிக்க ஸ்டாப்பிங் இருக்கு. லேப்டாப் ஒண்ணு கட்டாயம் வேணும், பைத்தான் கோடிங்கை எல்லாம் போன்ல அடிச்சு கண்ணு கெட்டுப் போகாதீங்க.

காலேஜ்ல காமர்ஸ் எடுக்கறேன் சார். எங்க பிரின்சிபால் ஒரு செமினார் போயிட்டு வந்து "இனிமே பிளெண்டட் லேர்னிங், ஆன்லைனும் வகுப்பும் கலந்து தான், எல்லா யூனிட்டையும் வீடியோ எடுத்து போடுங்க"ன்னு சொல்லிட்டார். நானும் ராத்திரி உக்காந்து 45 நிமிஷம் 50 நிமிஷம்னு ரெக்கார்ட் பண்ணி குரூப்ல போட்டேன். 62 பேர்ல பத்து பேர் பாத்தா அதிகம். கிளாஸ்ல போய் நின்னா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல, திரும்ப முதல்ல இருந்து நடத்தறேன். எனக்கு வேலை ரெண்டு மடங்காச்சு, பசங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. (உதவிப் பேராசிரியர், திண்டுக்கல்)

மேடம், உங்க வீடியோல ஒரு தப்பும் இல்லாம இருக்கலாம். திரும்ப முதல்ல இருந்து நடத்தறீங்க பாத்தீங்களா, சிக்கல் அங்க தான் இருக்கு. பசங்க கணக்கு ரொம்ப தெளிவு, வீடியோ பாத்தாலும் மேடம் நடத்துவாங்க, பாக்காட்டியும் மேடம் நடத்துவாங்க, அப்புறம் எவன் ஜிபி செலவு பண்ணி பாப்பான்? நீங்களா இருந்தாலும் பாக்க மாட்டீங்க.

வகுப்புல செய்யறதை மாத்தாம வீடியோவை மட்டும் மேல ஏத்தினா இப்படி தான் ஆகும். வீட்டுல வீடியோ, வகுப்புல பயிற்சிங்கற முறையை பிரபலப்படுத்தினவங்க அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல ரெண்டு கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க, ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ். 2007ல ஆரம்பிச்சாங்க. சின்ன ஊர் ஸ்கூல், பசங்க விளையாட்டுப் போட்டி அது இதுன்னு தூர ஊருக்குப் போயிட்டு அடிக்கடி கிளாஸை விட்டுடுவாங்க, அவங்களுக்காக ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சு அப்புறம் தான் யோசிச்சாங்க, விளக்கறது வீடியோலயே போயிடுச்சுன்னா பசங்க திணர்ற நேரத்துல நாம பக்கத்துல இருக்கலாமேன்னு. அதாவது வீட்டுப் பாடம் வகுப்புக்கு வந்துச்சு, லெக்சர் வீட்டுக்குப் போச்சு. உங்க காலேஜ்ல ரெண்டாவது பாதி மட்டும் நடந்திருக்கு.

ஒரு யூனிட்டை எடுத்துக்கிட்டு பேசுவோம். வங்கிச் சரிகட்டும் பட்டியல் நடத்தறீங்கன்னு வெச்சுக்கோங்க. ரொக்க ஏட்டு பேலன்ஸும் பேங்க் பாஸ்புக் பேலன்ஸும் ஏன் ஒத்துப் போகலங்கறதுக்கு காரணத்தை ஆறு நிமிஷத்துல வீடியோல சொல்லிடலாம், அதை ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி தான் சொல்லப் போறீங்க. ஆனா பசங்க தடுமாறற இடம் அது இல்ல. "செக் கொடுத்தாச்சு, வாங்கினவர் இன்னும் பேங்க்ல போடல", இதைக் கூட்டறதா கழிக்கறதா? ரொக்க ஏட்டு பேலன்ஸ்ல இருந்து கிளம்பினா கூட்டணும், ஏன்னா நாம கழிச்சுட்டோம், பேங்க் இன்னும் கழிக்கல. பாஸ்புக்ல இருந்து கிளம்பினா கழிக்கணும். ரொக்க ஏட்டுல ஓவர்டிராஃப்ட்னு வந்துச்சுன்னா எல்லாம் தலைகீழ். இதை வீடியோல எத்தனை தடவை சொன்னாலும் தலையாட்டுவாங்க, ஆனா நோட்டுல போடறப்ப பத்துல ஏழு பேர் தப்பான பக்கம் போடுவாங்க, காரணம் புரிஞ்சிருக்காது, கூட்டல் கழித்தல் டேபிளை மனப்பாடம் பண்ணிருப்பாங்க. அந்த நோட்டை நீங்க எட்டிப் பாத்து "ஏம்மா இங்க கூட்டின, பேங்க்காரனுக்கு இந்த செக் வந்து சேந்துச்சா?"ன்னு கேக்கறது இருக்கே, அதுக்குத் தான் அந்த ஒரு மணி நேரம். அதைப் போர்டுல நின்னு எழுதிப் போட்டே தீத்துடாதீங்க.

இனி செய்ய வேண்டியது. நீளமான வீடியோவை வெட்டுங்க. ஈடெக்ஸ்ங்கற ஆன்லைன் கோர்ஸ் தளத்துல பல லட்சம் தடவை வீடியோ பாத்த பதிவுகளை எடுத்து 2014ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, வீடியோ எவ்ளோ நீளமா இருந்தாலும் மாணவர்கள் ஈடுபாட்டோட பாக்கற நேரம் ஏறக்குறைய 6 நிமிஷத்துக்கு மேல போகலன்னு தெரிஞ்சுது. 50 நிமிஷ வீடியோ யாருக்கும் வேணாம், உங்க தூக்கமும் மிச்சம். அடுத்து, கிளாஸ் ஆரம்பிச்ச உடனே துண்டுப் பேப்பர்ல மூணே கேள்வி, வீடியோ பாத்தா நிமிஷத்துல எழுதற மாதிரி. அந்த மார்க் இன்டெர்னல்ல கொஞ்சமாவது சேரணும், இல்லாட்டி அதுவும் சடங்கு தான். பாக்காம வந்தவங்களைத் திட்டாதீங்க, கடைசி ரெண்டு பெஞ்சுல உக்கார வெச்சு டவுன்லோட் பண்ணி வெச்ச வீடியோவை இப்பவே பாருங்கடான்னு விட்டுடுங்க, மத்தவங்க கணக்கு போட ஆரம்பிச்சுடணும். எந்தக் காரணம் கொண்டும் அவங்களுக்காக போர்டுல திரும்ப நடத்தக் கூடாது. முதல் ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும், கிளாஸ் பூரா முகத்தைத் தூக்கி வெச்சுக்கும், HOD கூட வந்து "என்ன மேடம் நடத்தவே மாட்டேங்கறீங்களாமே"ன்னு கேப்பார். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க.

பாக்காத எல்லாரும் சோம்பேறி கிடையாதுங்கறதையும் மறந்துடாதீங்க. வீட்டுல ஒரே போன், அதையும் அண்ணன் வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவான், இப்படி எத்தனை பேர்னு ஒரு தடவை கை தூக்க சொல்லி கேட்டுடுங்க. அவங்களுக்கு காலேஜ் லேப்ல மதியம் அரை மணி நேரம் திறந்து விட பிரின்சிபால் கிட்ட கேளுங்க, செமினார் போனவர் அவர் தானே.

அவர் கிட்ட இன்னொண்ணும் சொல்லலாம். பிளெண்டட் தான் சிறந்ததுன்னு ஆராய்ச்சி சொல்லுதுன்னு செமினார்ல எல்லாம் ஒரு வரி ஓட்டுவாங்க. அமெரிக்க கல்வித்துறை 2009ல பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் போட்ட அறிக்கைல இருந்து வர்ற வரி அது, நேரடி வகுப்பு மட்டும் இருந்ததை விட ரெண்டும் கலந்து படிச்சவங்க கொஞ்சம் நல்லா பண்ணாங்கங்கறது உண்மை தான். ஆனா அதே அறிக்கை எழுதினவங்களே சொல்லிட்டாங்க, கலந்து படிச்சவங்களுக்கு கூடுதல் நேரமும் கூடுதல் பாடப் பொருளும் கிடைச்சிருக்கு, அதனால பெருமை எல்லாம் ஆன்லைனுக்குன்னு எடுத்துக்காதீங்கன்னு. 40 சதவீதம் வரைக்கும் ஆன்லைன்ல நடத்தலாம்னு யுஜிசி 2021ல ஒரு வரைவுக் குறிப்பு வெளியிட்டுச்சு, அதைக் கைல வெச்சுக்கிட்டு கெஸ்ட் லெக்சரர்களைக் குறைக்கலாமான்னு கணக்கு பாக்கற மேனேஜ்மென்ட்டும் உண்டு. கலந்து நடத்தறதை ஒழுங்கா பண்ணா வாத்தியார் வேலை கூடும், குறையாது. வீடியோ எடுக்கற நேரத்தையும் ஒர்க்லோட்ல சேத்து எழுதித் தாங்கன்னு கேளுங்க, எழுத்துலயே கேளுங்க.

நாங்க எல்லாம் அந்தக் காலத்துலயே தபால்ல பாடம் வாங்கி, சனி ஞாயிறு கான்டாக்ட் கிளாஸ் போய் எம்.ஏ முடிச்சவங்க. இப்ப என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசறாங்களே? (ஓய்வு பெற்ற தபால்காரர், மதுரை)

ஐயா, பாடத்தைக் கொண்டு போய்க் கொடுத்தவரும் நீங்க, வாங்கிப் படிச்சவரும் நீங்க, உங்களை விட இதைக் கேக்க யாருக்கு உரிமை இருக்கு! நீங்க சொல்றது சரி தான். டெல்லி பல்கலைக்கழகம் 1962ல அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்குச்சு, உங்க ஊர் காமராசர் பல்கலைக்கழகம் 1971ல, அண்ணாமலை 1979ல. பிரிட்டன்ல ஓப்பன் யுனிவர்சிட்டி 1971ல முதல் மாணவர்களைச் சேத்தப்பவே தபால்ல புஸ்தகம், பிபிசி டிவில பாடம், கோடை லீவுல ஒரு வாரம் கேம்பஸ்ல வந்து தங்கி லேப்னு கலந்து கட்டி தான் நடத்துனாங்க.

என்ன மாறிச்சுன்னா திரும்பி வர்ற வேகம். நீங்க அசைன்மென்ட் எழுதி அனுப்பி அது திருத்தி வர்றதுக்குள்ள அடுத்த அசைன்மென்டே முடிஞ்சிருக்கும், பல பேருக்கு திரும்பியே வந்திருக்காது. இப்ப ராத்திரி பதில் அழுத்தினா அப்பவே தப்பு எதுன்னு காட்டுது. மாறாத விஷயமும் ஒண்ணு இருக்கு, கான்டாக்ட் கிளாஸ். அன்னிக்கும் யாரோ ஒருத்தர் வந்து அதே புஸ்தகத்தை வரி வரியா படிச்சுக் காட்டிட்டுப் போனார், இன்னிக்கும் பல சென்டர்ல அதே தான், என்ன, இப்ப ஸ்லைடுல படிக்கறாங்க.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு கம்பெனில வேலை பாக்கறேன். தொலைதூரக் கல்வில பி.இ வாங்கித் தரேன், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எழுதினா போதும்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். கட்டலாமா சார்? (திருப்பூர்)

கட்டாதீங்க தம்பி. கட்டிட்டீங்கன்னா அட்வான்ஸை இன்னிக்கே திரும்பக் கேளுங்க.

இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம், நர்சிங், பார்மசி, ஆர்க்கிடெக்சர் இதெல்லாம் தொலைதூரத்துலயும் முழு ஆன்லைன்லயும் நடத்தவே கூடாதுன்னு யுஜிசியோட 2020 விதிமுறைல தெளிவா இருக்கு. அதுக்கு முன்னாடி, 2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு, சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி வாங்காம தொலைதூரத்துல இன்ஜினியரிங் நடத்தி இருந்தாங்க, 2001ல இருந்து 2005 வரைக்கும் சேந்தவங்க டிகிரியை நிறுத்தி வெச்சு, திரும்ப தேர்வு எழுதி பாஸ் பண்ணா தான் செல்லும்னு சொல்லிட்டாங்க. சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டி, அதை வெச்சு புரமோஷனும் வாங்கினவங்க பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி பரீட்சை ஹால்ல போய் உக்காரணும்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. லேத் மெஷினை வீடியோல கத்துக்கிட்டேன்னா ஷாப் ஃப்ளோர்ல நீங்களே சிரிக்க மாட்டீங்களா?

உங்களுக்கு நேரான வழி இருக்கு. டிப்ளமோவும் வேலை அனுபவமும் இருக்கறவங்களுக்குன்னே பார்ட் டைம் பி.இ நடக்குது, கோயம்புத்தூர்லயே ஜிசிடி, பிஎஸ்ஜி, சிஐடில இருந்திருக்கு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழியா விண்ணப்பம். சாயங்கால கிளாஸ். திருப்பூர்ல இருந்து ஷிப்ட் முடிச்சு போய் வர்றது லேசு இல்ல, ஆனா அந்த டிகிரியை யாரும் கேள்வி கேக்க முடியாது. இந்த வருஷம் எந்தக் காலேஜ்ல எந்த பிரான்ச்னு அறிவிப்பைப் பாத்துட்டு போடுங்க.

எம்.எஸ்சி சைக்காலஜி கரஸ்ல படிக்கலாம்னு இருந்தேன். இப்ப இல்லைங்கறாங்களே? (தூத்துக்குடி)

ஆமாம்மா, 2025 ஜூலை பேட்ச்ல இருந்து புது அட்மிஷன் போடக் கூடாதுன்னு யுஜிசி நிறுத்திடுச்சு. சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, ஊட்டச்சத்து, பயோடெக்னாலஜி மாதிரி உடல்நலம் சார்ந்த படிப்பெல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஏற்கனவே சேந்து படிச்சுட்டு இருக்கறவங்களுக்கு இது இல்ல. பழைய பிராஸ்பெக்டஸைக் காட்டி இன்னும் சீட் இருக்குன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க, யுஜிசி தொலைதூரக் கல்விப் பிரிவோட வெப்சைட்ல அந்த வருஷத்துக்கு அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கான்னு பாத்துட்டு தான் பணம் கட்டணும். இப்ப சேர்றதுக்கே அந்த வெப்சைட்ல டெப்-ஐடின்னு ஒரு மாணவர் பதிவு எண்ணை நீங்களே எடுக்கணும், அதை ஏஜென்ட் கைல கொடுக்காதீங்க.

பொண்ணு பத்தாவது. டியூஷன் வேண்டாம், யூட்யூப் போதும்ங்கறா. உண்மையிலயே மணிக்கணக்கா பாடம் தான் பாக்கறா, நான் கவனிச்சுட்டேன். ஆனா யூனிட் டெஸ்ட்ல மார்க் வரல. (திருவாரூர்)

நல்ல பொண்ணு, ஏமாத்தல. வீடியோ தான் அவளை ஏமாத்துது. நல்லா சொல்லித் தர்ற ஆள் பேசறதைக் கேக்கறப்ப நமக்கே எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு தெம்பு வரும், சமையல் வீடியோ பாத்து முடிச்ச உடனே நாமளும் பிரியாணி மாஸ்டர் ஆயிட்ட மாதிரி தோணுமே அது தான்.

2006ல ரோடிகர், கார்பிக்கினு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் பண்ண சோதனை ஒண்ணு இருக்கு. மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தாங்க. ஒரு குரூப் அதையே திரும்பப் படிச்சுது, இன்னொரு குரூப் பேப்பரை மூடி வெச்சுட்டு ஞாபகம் இருக்கறதை எழுதுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்ப திரும்பப் படிச்சவங்க முன்னாடி இருந்தாங்க. ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப எழுதிப் பாத்தவங்க நல்லாவே தாண்டிட்டாங்க. யூனிட் டெஸ்ட் எப்பவும் ஒரு வாரம் கழிச்சு தானே வருது!

யூட்யூபை நிறுத்த வேண்டாம். லென்ஸ் பாடம் பாக்கறாளா, வீடியோ முடிஞ்ச உடனே போனை நீங்க வாங்கிக்கோங்க, வெள்ளைப் பேப்பரைக் கொடுத்து "குவிலென்ஸுக்கும் அதோட குவியத்துக்கும் நடுவுல பொருளை வெச்சா பிம்பம் எங்க விழும், வரைஞ்சு காட்டு"ன்னு சொல்லுங்க. பதில் உங்களுக்குத் தெரியணும்னு அவசியம் இல்ல, பிம்பம் பொருள் இருக்கற பக்கமே, நேரா, பெருசா வரணும், புஸ்தகத்துல படம் இருக்கு, ஒத்துப் பாத்தா தெரிஞ்சுடும். கோடு எங்க நின்னு போகுதோ அந்த இடத்தைப் பென்சில்ல வட்டம் போட்டு மறுநாள் ஸ்கூல்ல மிஸ் கிட்ட காட்ட சொல்லுங்க. "மிஸ் பாடமே புரியல"ன்னு போய் நின்னா எந்த மிஸ்ஸும் என்ன பண்ண முடியும், "இந்தக் கோடு ஏன் இப்படி வளையுது மிஸ்"னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். டியூஷன் தேவையாங்கறதை ஒரு மாசம் இப்படிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

எங்க காலேஜ் பட்டிமன்றத்துல "ஆன்லைன் வந்தாச்சு, இனி வகுப்பறை எதுக்கு"ன்னு தலைப்பு. எதுக்குங்கற பக்கம் எனக்கு. ஏதாவது பாயின்ட் கொடுங்க சார். (தஞ்சாவூர்)

எதிரணிக்குத் தான் பாயின்ட் கிடைக்கும் போல இருக்கு தம்பி! கலிபோர்னியால சான் ஹோசே ஸ்டேட் யுனிவர்சிட்டி 2013ல யுடாசிட்டி கம்பெனியோட சேந்து அடிப்படைக் கணக்கு, அல்ஜீப்ரா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மூணையும் ஆன்லைன்ல நடத்திப் பாத்தாங்க. பாஸ் ஆனவங்க 24 சதவீதத்துல இருந்து 51 சதவீதம் வரைக்கும் தான், நேரடி வகுப்பை விட ரொம்ப கம்மி, கோடைக்கு அப்புறம் நிறுத்தி வெச்சுட்டாங்க. சேந்தவங்கள்ல ஏற்கனவே கணக்குல தோத்தவங்களும் வசதி இல்லாத ஸ்கூல் பசங்களும் இருந்தாங்க, சிலருக்கு வீட்டுல கம்ப்யூட்டரே இல்ல. நிறுத்தறதுக்கு முன்னாடி கோடைல நடந்த சுற்றுல ரிசல்ட் நல்லா வந்துச்சு, ஆனா அதுல சேந்தவங்கள்ல நிறைய பேர் ஏற்கனவே டிகிரி வாங்கினவங்க. இதை உங்க பக்கத்துக்குச் சாதகமா திருப்பலாம், படிக்கத் தெரிஞ்சவனுக்கு ஆன்லைன் போதும்னு. ஆனா நடுவர் "அப்ப படிக்கத் தெரியாதவனுக்கு?"ன்னு திருப்பிக் கேட்டா மாட்டுவீங்க.

எதிரணி நம்ம ஊர் உதாரணமும் எடுப்பாங்க, தயாரா இருங்க. கொரோனா அப்ப கல்வி டிவி இருந்துச்சு, வாட்ஸ்அப் இருந்துச்சு, இருந்தும் 2021 அக்டோபர்ல அரசாங்கம் இல்லம் தேடிக் கல்வின்னு தன்னார்வலர்களைத் தெருத் தெருவா அனுப்ப வேண்டி வந்துச்சு, சாயங்காலம் ஒரு மணி ஒன்றரை மணி நேரம் பக்கத்து வீட்டு அக்கா திண்ணைல உக்கார வெச்சு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. ஒண்ணாவது ரெண்டாவது படிக்கற பிள்ளைக்கு விரலைப் பிடிச்சு எழுத வைக்க ஆள் வேணும்ல.

ஐஐடிங்க ஆன்லைன்ல நடத்தற என்பிடெல் கோர்ஸ் ரெஜிஸ்டர் பண்ணிருக்கேன், கிரெடிட்டுக்காக. அசைன்மென்ட் பதில் எல்லாம் குரூப்ல வந்துடுது. பரீட்சைக்கு 1000 ரூபா கட்டணுமா? (இன்ஜினியரிங் மாணவர், திருநெல்வேலி)

பாடம் ஃப்ரீ, பரீட்சைக்கு 1000 ரூபா, ஆமா. குரூப்ல வர்ற பதிலைப் போட்டு அசைன்மென்ட்ல 25க்கு 25 வாங்கிடலாம், ஆனா மீதி 75 மார்க் சென்டர்ல நேர்ல உக்காந்து எழுதறது, அதுல குறைஞ்சது 30 எடுத்தா தான் சர்டிஃபிகேட். 25 வெச்சுக்கிட்டு அங்க போய் 22 எடுத்து ஃபெயிலாகறவங்க எல்லாக் காலேஜ்லயும் இருக்காங்க. 1000 ரூபா கட்டறதா இருந்தா இந்த வாரத்துல இருந்தாவது அசைன்மென்டை சொந்தமா போடுங்க, என்பிடெல் கோர்ஸ் எல்லாம் நடக்கற மத்திய அரசோட ஸ்வயம் தளத்துல இருந்து 40 சதவீதம் வரைக்கும் கிரெடிட் எடுத்துக்க யுஜிசி அனுமதி இருக்கு, ஆனா உங்க பல்கலைக்கழகம் எதை ஏத்துக்கும்னு டிபார்ட்மென்ட்ல கேட்டுட்டு ரெஜிஸ்டர் பண்ணிருக்கணும், பண்ணீங்களா?

டி.டி.எட் காலேஜ் போய் முடிச்சு, பி.ஏ தமிழும் முடிச்சிருக்கேன். ரெண்டு சின்னக் குழந்தைங்க. தொலைதூரத்துல பி.எட் பண்ணா வீட்டை விட்டுப் போகவே வேண்டாம்ல சார்? (விருதுநகர்)

போகணும் சகோதரி, அதைத் தெரிஞ்சுக்கிட்டே சேருங்க. நேரடியா ஆசிரியர் பயிற்சி முடிச்சதால நீங்க தகுதியான ஆள் தான், இல்லாதவங்களுக்கு இந்த வழியே கிடையாது. மத்திய அரசோட திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவோட பி.எட்டுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. பாடம் வீட்டுல படிக்கலாம், அசைன்மென்டுக்கு 30 சதவீதம் போக மீதி பரீட்சைல. கவுன்சிலிங் கிளாஸ் சிலதை விட்டாலும் சமாளிச்சுக்கலாம், ஆனா ஒர்க்‌ஷாப் வருஷத்துக்கு 12 நாள், அதைத் தவிர்க்கவே முடியாது, ரெண்டு வருஷத்துக்கும் சேத்து 24 நாள். அது போக ஸ்கூலுக்குப் போய் பாடம் எடுக்கற இன்டர்ன்ஷிப் இருக்கு, யாரோ ஒரு ஹெட்மாஸ்டர் கையெழுத்து போட்டுத் தருவார்னு நினைக்காதீங்க, உண்மையிலயே போய் எடுங்க. ஒர்க்‌ஷாப்ல நீங்க எடுக்கற பாடத்தை மத்த டீச்சருங்க உக்காந்து பாத்து குறை சொல்வாங்க, பி.எட்லயே உருப்படியான விஷயம் எனக்குத் தெரிஞ்சு அது தான்.

இக்னோல பி.எட் இங்கிலீஷ், இந்தில தான். தமிழ்ல எழுதணும்னா சைதாப்பேட்டைல இருக்கற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோட பி.எட்டையும் பாருங்க. எதுல சேந்தாலும் விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி உங்களுக்கு எந்த ஊர் ஸ்டடி சென்டர் வரும், ஒர்க்‌ஷாப் எங்க நடக்கும்னு போன் பண்ணி கேட்டுடுங்க. மதுரைன்னா காலைல போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாம், அதை விட தூரம்னா அந்த 12 நாளைக்கு குழந்தைங்களை யார் பாத்துப்பாங்கன்னு வீட்டுல இப்பவே பேசி வெச்சுக்கோங்க, தேதி வந்த அப்புறம் பேசாதீங்க.